றேந்தை வைத்த சட்டை

தையல் வகுப்பில் நாங்கள் பின்னிய றேந்தை போர்த்துக்கேயச் சொல். 'ரெண்டா' என்பதே அப்படித் திரிந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் 1658இல் போய்விட்டார்கள். சொல் எங்கள் அலுமாரிகளுக்குள் தங்கிவிட்டது. (அலுமாரியும் அவர்களுடையதே.) 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு தையலும் பாடமாயிற்று. பின்வந்த பெண்கள் பாடசாலைகளிலும் அது தொடர்ந்தது.

மருத்துவக் கனவிலிருந்த எனக்கு அந்த வகுப்பு வீண்வேலையாகவே பட்டது.

1995 ஒக்டோபர் 30 இரவு தென்மராட்சிக்கு நடந்தபோது என் தையல் மாதிரிக் கொப்பி வீட்டோடு போயிற்று. அம்மம்மா மட்டும் தன் குறோசே ஊசியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். இடம்பெயர்ந்திருந்த வீட்டுத் திண்ணையில் தன் வொயில் சேலையொன்றை வெட்டி, கையாலேயே எனக்குச் சட்டை தைத்தார். கொசுவிய கை, இடுப்பில் சுருக்கு, வட்டக் கொலர். 1950களில் இதே பாடசாலையில் அவர் பழகிய வெட்டு அது. கொலரைச் சுற்றிப் பழைய மேசைவிரிப்பைப் பிரித்தெடுத்த நூலில் றேந்தை.

இன்று வாட்டுக்கும் கடைக்கும் அந்த வெட்டில் நானே தைத்த சட்டைகளோடுதான் போகிறேன். றேந்தைக்கு அவருடைய ஊசிதான். மூன்றாவது சுற்றில் இன்னும் கண்ணி தவறுகிறது. எங்கள் தையல் ரீச்சர் பார்த்தால் முழுவதையும் பிரித்துப் பின்னச் சொல்வார்.