நெய்வேலிக்கு பாய்லர் தந்த ஹங்கேரி

நெய்வேலியில் அந்நிய நாட்டு உதவி என்று பேச்செடுத்தால் மூத்தவர்கள் ரஷ்யாக்காரர்களைச் சொல்வார்கள். சுரங்கத்து ராட்சத இயந்திரங்களை அனுப்பிய ஜெர்மானியர்களையும் சொல்வார்கள். சோவியத் ஒத்துழைப்பில் எழுந்த 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-ல் ஓய்ந்தது. ஹங்கேரியைச் சொல்பவர்கள் குறைவு. இரண்டாம் அனல்மின் நிலையத்தின் முதற்கட்டத்தில் அமைந்த மூன்று 210 மெகாவாட் யூனிட்டுகளின் பாய்லர்கள், அந்நாட்டின் டிரான்ஸ்எலெக்ட்ரோ நிறுவனம் தந்தவை. டர்பைன்கள் இத்தாலியிலிருந்து வந்தன.

பாதி எடை ஈரமாகவே இருக்கும் பழுப்பு நிலக்கரியை எரிப்பது எளிதல்ல. ஹங்கேரியர்களுக்கு அது பழகிய வேலை. அவர்கள் நாட்டில் விஷொன்டா என்ற ஊரிலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் உண்டு. அந்த நிலையத்துக்கு அன்று சூட்டப்பட்டிருந்தது சோவியத் விண்வெளி வீரர் ககாரினின் பெயர். நாடு யார் பிடியில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்தப் பிடியை எதிர்த்து 1956 அக்டோபர் 23 அன்று தலைநகர் புடாபெஸ்ட் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சோவியத் படைகள் வெளியேற வேண்டும், சுதந்திரத் தேர்தல் வேண்டும் என்று கேட்டார்கள். பிரதமரான இம்ரே நாட்ஜ் சோவியத் தலைமையிலான வார்சா ராணுவ ஒப்பந்தத்திலிருந்து நாடு விலகுவதாக அறிவித்தார். நவம்பர் 4 விடிகாலையில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் மாண்டார்கள். ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். பத்து நாள் கழித்து, நவம்பர் 14 அன்று, இங்கே நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது.

அந்தப் பத்து நாளுக்குள் இந்தியா செய்த ஒரு காரியம் வருத்தத்துக்குரியது. ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் கோரிய தீர்மானத்தை எதிர்த்து, கிருஷ்ண மேனன் தலைமையிலான நம் தூதுக்குழு வாக்களித்தது. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஒரு நாடு, விடுதலை கேட்ட இன்னொரு சிறிய நாட்டுக்கு எதிராகக் கை உயர்த்தியிருக்கக் கூடாது. அதே இந்தியா பிறகு ஓர் உயிரைக் காக்கவும் உதவியது. 1958-ல் ஆயுள் தண்டனை பெற்ற ஹங்கேரிய எழுத்தாளர் ஆர்பாட் கோன்ச் தூக்குமேடைக்குப் போகாததில், மாஸ்கோவில் நம் தூதராயிருந்த கே.பி.எஸ். மேனனின் தலையீட்டுக்குப் பங்குண்டு.

நாட்ஜ் தப்பவில்லை. 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிடப்பட்டு, பெயர்ப் பலகைகூட இல்லாத குழியில் புதைக்கப்பட்டார்.

1956-க்குப்பின் யானோஷ் காதாரின் நீண்ட ஆட்சி. 1968-ல் பொருளாதாரக் கட்டுகளைச் சற்றுத் தளர்த்தினார். கடைகளில் சரக்கு கிடைத்தது. சோவியத் படை மட்டும் நகரவில்லை. நெய்வேலிக்கு பாய்லர்கள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். அவற்றில் முதல் யூனிட் 1986-ல் இயங்கத் தொடங்கியது. மூன்றே ஆண்டில் ஹங்கேரியில் எல்லாம் மாறியது. 1989 ஜூன் 16 அன்று, தூக்கிலிடப்பட்ட அதே தேதியில், நாட்ஜ் அரச மரியாதைக்கு ஒப்பான மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்யப்பட்டார். ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. அதே நாளில் காதார் இறந்தார். அக்டோபர் 23 அன்று குடியரசு அறிவிக்கப்பட்டது. 1990-ல் சுதந்திரத் தேர்தல் நடந்தது. கோன்ச் குடியரசுத் தலைவரானார். கடைசி சோவியத் வீரர் 1991 ஜூனில் வெளியேறினார்.

நெய்வேலிப் பள்ளிகளில் சுரங்க வரலாறு சொல்லும்போது, பழுப்பு நிலக்கரி தென்பட்ட ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தோடும் நேரு 1957-ல் தொடங்கிவைத்த தோண்டும் பணியோடும் நிறுத்திவிடாமல், அந்த பாய்லர்களை அனுப்பிய மக்கள் பட்ட பாட்டையும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்.