சிவப்பா, மஞ்சளா? பொம்பெயி வீட்டுச் சுவர்களின் கதை

வரவேற்பறைக்கு எந்த நிறம், சாப்பாட்டு அறைக்கு எந்த நிறம் என்று கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டு குழம்புவது இன்றைய வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர்கள் இதே குழப்பத்தில் இருந்தார்கள். சிவப்பு, மஞ்சள் போன்ற வெதுவெதுப்பான நிறங்கள் மீது அவர்களுக்குத் தனி மோகம். அந்த மோகத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரியது.

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே இருந்த பொம்பெயி நகரம் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்தது. அதனால்தான் அந்த வீட்டுச் சுவர்களின் வண்ணம் இன்றுவரை அழியாமல் கிடைத்திருக்கிறது.

இரண்டு சிவப்புகள்

ரோமானியர்களிடம் முக்கியமாக இரண்டு வகைச் சிவப்பு இருந்தது. ஒன்று மண்ணிலிருந்து கிடைக்கும் காவி. மலிவானது, எளிதில் மங்காதது. இன்னொன்று பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்று சொல்வது இதைத்தான். காவியில் இல்லாத பளபளப்பு இதற்கு உண்டு. ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்!

சாதிலிங்கத்தின் கனிமம் ஸ்பெயினில் இருந்த சிசாபோ சுரங்கத்திலிருந்து முத்திரையிடப்பட்டு ரோம் நகருக்கு வந்து, அங்கேதான் சுத்தம் செய்யப்பட்டது என்று மூத்த பிளினி எழுதியிருக்கிறார். ஒரு ராத்தல் 70 செஸ்டர்ஸ் நாணயத்துக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தார்களாம். (இந்தப் பிளினியும் அதே வெசூவியஸ் வெடிப்பின்போதுதான் இறந்தார்.)

இந்த விலையுயர்ந்த வண்ணத்தை வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டும், கூலிக்கு வரும் ஓவியர் தரமாட்டார். இதிலும் ஒரு திருட்டு நடந்தது. ஓவியர்கள் நிறைய வண்ணத்தில் தோய்த்த தூரிகையை அடிக்கடி தண்ணீரில் அலசுவார்கள். வண்ணம் அடியில் படியும், மாலையில் அது அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்!

முப்பதே நாளில் போன அழகு

எந்த அறைக்கு எந்த வண்ணம் என்பதற்கு அன்றே ஒரு வழிகாட்டி நூல் இருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதியது. குளிர்கால சாப்பாட்டு அறையில் நுணுக்கமான ஓவியம் வேண்டாம் என்கிறார். விளக்குப் புகையும் அடுப்புக் கரியும் அதைக் கெடுத்துவிடும். அங்கே கறுப்புப் பட்டைகள் தீட்டி, இடையிடையே மஞ்சள் காவியோ சாதிலிங்கச் சிவப்போ வைத்தால் போதும் என்பது அவர் யோசனை.

சாதிலிங்கத்தை வெயில் படும் இடத்தில் பூசவே கூடாது என்றும் எச்சரிக்கிறார். பேபெரியஸ் என்ற எழுத்தரின் கதையை இதற்கு உதாரணமாகச் சொல்கிறார். அவர் ரோமில் தன் வீட்டுத் திறந்த முற்றத்தைச் சுற்றியிருந்த சுவர்கள் முழுவதும் சாதிலிங்கம் பூச வைத்தார். முப்பதே நாளில் சுவர் அசிங்கமாகத் திட்டுத் திட்டாக மாறியது. பாவம், மறுபடியும் வேறு வண்ணம் பூச ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒளியும் குளோரின் சேர்மங்களும் சேர்ந்தால் சாதிலிங்கம் கறுக்கும் என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. விட்ருவியஸ் அறிந்த வைத்தியம், சுவர் காய்ந்ததும் எண்ணெய் கலந்த மெழுகைச் சூடாகப் பூசி, கரி நெருப்பு காட்டி, மெல்லிய துணியால் தேய்த்துவிடுவது.

சுவரின் அழகுக்கு வேறு சிலரும் விலை கொடுத்தார்கள். சாதிலிங்கத்தைப் பக்குவம் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர்கள், நச்சுத் தூசியைச் சுவாசிக்காமல் இருக்க முகத்தில் விலங்குகளின் பையைக் கட்டிக்கொண்டார்கள் என்று பிளினி குறிப்பிடுகிறார். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட வரலாறு வைத்திருக்கவில்லை.

சிவப்பு எல்லாம் சிவப்பா?

1748இல் பொம்பெயியில் அகழாய்வு தொடங்கியது. மண்ணுக்கு அடியிலிருந்து வந்த அந்த ஆழ்ந்த சிவப்பு ஐரோப்பாவை மயக்கியது. செல்வந்தர்களின் சாப்பாட்டு அறைகளிலும் நூலகங்களிலும் 'பொம்பெயிச் சிவப்பு' இடம்பிடித்தது. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1840களில் ஒரு பொம்பெயி வீட்டின் மாதிரியையே ஜெர்மனியில் கட்டினார்.

இங்கேதான் கதை திரும்புகிறது. மஞ்சள் காவியைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் வெளியேறிச் சிவப்பாகிவிடும். மஞ்சள் காவியைச் சுட்டு வேறு நிறமாக்கும் இந்த வித்தை ரோமானியர்களுக்கும் தெரியும். அதே வேலையை எரிமலையும் செய்திருக்கிறது! 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இன்று சிவப்பாகத் தெரியும் சுவர்கள் 246, மஞ்சளாகத் தெரிபவை 57. ஆனால் வெடிப்புக்கு முன் சிவப்பு 165, மஞ்சள் 138 ஆக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். வெசூவியஸ் கக்கிய கொதிக்கும் வாயு மற்ற மஞ்சள் சுவர்களைச் சிவக்க வைத்துவிட்டது என்பது அவர்களின் முடிவு.

அப்படியானால் ஐரோப்பியர்கள் ஆசை ஆசையாக நகல் எடுத்த சிவப்பில் ஒரு பகுதி எந்த ரோமானியரும் தேர்ந்தெடுத்தது அல்ல. இளவெயில் போன்ற மஞ்சள் போதும் என்று ஒரு குடும்பம் யோசித்து முடிவெடுத்த சுவர் அது. அந்த வீட்டார் உயிர் பிழைக்க ஓடிய நாளில்தான் அது சிவந்தது. பழைய சுவரின் நிறத்தைப் பார்த்து அந்தக் காலத்து மனிதர்களின் ரசனையைச் சொல்லும் முன், அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதனா நெருப்பா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.