பூத ஆற்றல்களின் சேர்க்கை: பாத்திரமேற்பு வீடியோ கேம்களில் ஒரு வரலாறு

தீ, நீர், காற்று, நிலம், மின்னல், பனி ஆகிய ஆற்றல்களை ஒன்றோடொன்று சேர்த்து எதிரியை வெல்வது, மாயக் கற்பனை உலகைக் களமாகக் கொண்ட பாத்திரமேற்பு வீடியோ கேம்களின் முக்கியக் கூறுகளுள் ஒன்றாகும். இவ்வகை விளையாட்டை இளைஞர்கள் ஆர்பிஜி என்றும், ஆற்றல்களைச் சேர்ப்பதைக் காம்போ என்றும் சொல்வர். இக்கட்டுரையில் பூதம் என்ற சொல் பேயைக் குறிக்கவில்லை. ஐம்பூதம் என்பதில் வரும் பொருளிலேயே ஆளப்படுகிறது.

மிகப் பெரிய தீ மந்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் தோற்பதும், சிறிய மழை மந்திரமும் சிறிய மின்னலும் மட்டும் உடையவர் வெல்வதும் இவ்விளையாட்டுகளில் அடிக்கடி நடப்பதாகும். இது ஏன் என்பதை அறிய, பூதங்களைச் சேர்க்கும் முறை எவ்வாறு வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

கிரேக்க வேர்கள்

ஐம்பூதம் நமக்குப் பழகிய கருத்து என்பதால், இவ்விளையாட்டுகளும் அதிலிருந்தே வந்தவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் மேலைநாட்டு விளையாட்டுகளின் வேர் கிரேக்கரின் நான்கு பூதக் கொள்கையில் உள்ளது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எம்பிடோகிளீஸ், நிலம், நீர், காற்று, தீ ஆகிய நான்கு வேர்களால் உலகம் ஆனது என்றார். அன்பு என்னும் விசை அவற்றைச் சேர்க்கிறது, பகை என்னும் விசை பிரிக்கிறது என்பது அவர் கருத்து. பின்வந்த அரிஸ்டாட்டில் ஒவ்வொரு பூதத்துக்கும் இரண்டு பண்புகளை வகுத்தார். தீ வெப்பமும் உலர்வும் உடையது, நீர் குளிர்ச்சியும் ஈரமும் உடையது. இவ்வாறு தீயும் நீரும் நேர் எதிராயின. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர், ஒவ்வொரு பூதத்திலும் அதற்குரிய உயிர்கள் வாழ்வதாக எழுதினார்.

ஆக, சேர்க்கை, எதிர்ப்பு என்னும் இரு கருத்துகளும் இம்மரபில் இருந்தன. விளையாட்டுகள் முதலில் எடுத்துக்கொண்டது எதிர்ப்பை மட்டுமே. சேர்க்கை பின்னரே வந்தது.

பூட்டும் சாவியும்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. இது தாளும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டு. நான்கு பூத உயிர்களும், தீப்பந்து, மின்னல், தீச்சுவர், பனிச்சுவர் முதலிய மந்திரங்களும் இதில் இடம்பெற்றன. குறுகலான இடத்தில் தீப்பந்து வெடித்தால் அது அந்த இடத்தின் வடிவத்துக்கு ஏற்பப் பரவும் என்று இதன் விதி கூறியது. சந்தில் நின்று தீப்பந்தை வீசியவர் தம் குழுவையே எரித்துக்கொள்ளக்கூடும். மந்திரத்தின் வலிமையோடு இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் பாடம் தொடக்கத்திலேயே இருந்தது.

கணினிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இவ்விளையாட்டுகள் மாறியபோது அந்தப் பாடம் சற்று மறைந்தது. 1987 டிசம்பரில் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ஃபைனல் ஃபேண்டசியில் தீ, பனி, மின்னல் என மூவகைத் தாக்குதல் மந்திரங்கள் முதன்மை பெற்றன. எதிரிகள் பலருக்கு ஒரு பலவீனம் இருந்தது. பனி உயிருக்குத் தீ, நீர் உயிருக்கு மின்னல் என்று சரியானதைத் தேர்ந்தால் போதும். இதனைப் பூட்டும் சாவியும் போன்ற முறை எனலாம். 1996இல் வந்த போக்கிமான் இதை 15 வகைகள் கொண்ட அட்டவணையாக விரித்தது. பாறை, நிலம் என இரு வகைகளும் ஒருங்கே அமைந்த உயிரை நீர் தாக்கினால் இரண்டு பலவீனங்களும் பெருகி 4 மடங்கு சேதம் ஆகும். இருப்பினும் இதில் மனப்பாடமே மிகுதி. இரண்டு ஆற்றல்கள் சேர்ந்து மூன்றாவது ஒன்று பிறப்பது இங்கு இல்லை.

எழுத்துகள் கூடிச் சொல்லானது போல

ஃபைனல் ஃபேண்டசி வெளிவந்த அதே 1987ஆம் ஆண்டில், அமெரிக்காவின் எஃப்டிஎல் கேம்ஸ் நிறுவனம் அட்டாரி எஸ்டி கணினிக்காக டன்ஜன் மாஸ்டர் என்னும் விளையாட்டை வெளியிட்டது. இதில் மந்திரங்களின் ஆயத்தப் பட்டியல் இல்லை. திரையில் குறியெழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆற்றலின் அளவைக் குறிக்கும், இரண்டாவது பூதத்தை, மூன்றாவது வடிவத்தைக் குறிக்கும். தீயைக் குறிக்கும் ஃபுல் என்பதோடு இர் என்னும் வடிவ எழுத்தைச் சேர்த்தால் தீப்பந்து பிறக்கும். ஃபுல் மட்டும் தனித்து நின்றால் வெளிச்சம் கிடைக்கும். வாய்பாடுகள் சில, நிலவறையில் கிடைக்கும் சுருள்களில் எழுதப்பட்டிருந்தன. மற்றவற்றை ஆடுபவர் தாமே முயன்று கண்டுபிடிக்கலாம். பூத ஆற்றலுக்கு ஓர் இலக்கணம் அமைந்தது இங்கேதான்.

1995இல் ஸ்கொயர் வெளியிட்ட குரோனோ டிரிகர், சேர்க்கையை இரு மனிதர்களின் கூட்டுச் செயலாக ஆக்கியது. லுக்கா என்னும் பெண்ணிடம் தீயும் மார்ல் என்னும் பெண்ணிடம் பனியும் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் வீசினால் இரண்டும் மோதி, நிழல் ஆற்றல் என்னும் புதிய தாக்குதல் பிறக்கும். ஆனால் இருவருடைய நேரக் காட்டியும் நிறையும்வரை காத்திருக்க வேண்டும், இருவருடைய மந்திர இருப்பும் குறையும். காத்திருக்கும் நேரத்தில் எதிரியின் அடியையும் தாங்க வேண்டும். எனவே எப்போது சேர்ப்பது, எப்போது தனித்தனியே தாக்குவது என்பதே ஆடுபவரின் திறமையாயிற்று.

2001இல் கேம்லாட் நிறுவனம் உருவாக்கிய கோல்டன் சன் இந்தச் செலவுக் கணக்கை மேலும் நுட்பமாக்கியது. நிலம், தீ, காற்று, நீர் ஆகிய நான்குக்கும் உரிய ஜின் என்னும் சிற்றுயிர்களைத் தேடிச் சேர்த்து வீரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தம் இயல்புக்கு மாறான ஜின்களைப் பெறும் வீரர் வேறு வகுப்புக்கு மாறி வேறு மந்திரங்களைப் பெறுவார். போரில் ஜின்களை ஏவி, அவை காத்திருக்கும் நிலையில் பெரும் சக்திகளை வரவழைக்கலாம். ஆனால் ஜின்கள் மீண்டும் வந்து சேரும்வரை வீரரின் வலிமை குறைந்திருக்கும். இருப்பதனைத்தையும் முதல் அடியிலேயே செலவிட்டவர் அடுத்த சுற்றில் தவித்துப்போவார்.

சேர்க்கை தன்னையும் சுடும்

2011 ஜனவரியில் வந்த மேஜிக்கா, சுவீடன் நாட்டின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஆரோஹெட் நிறுவனத்தின் படைப்பு. இதில் 8 ஆற்றல்கள் உள்ளன. ஒரே நேரத்தில் 5 வரை அடுக்கலாம். நீரும் தீயும் சேர்ந்தால் நீராவி, நீரும் குளிரும் சேர்ந்தால் பனிக்கட்டி. தீயும் குளிரும் சேர்ந்தாலோ ஒன்றையொன்று அழித்துவிடும். நனைந்த உடலோடு மின்னலை அழைத்தால் அது தன்னையே தாக்கும். நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் வீசும் மந்திரம் மற்றவர்களையும் பாதிக்கும். இதை விலக்கிவைக்க வழியில்லை. விளையாட்டு நகைச்சுவை நிறைந்தது என்றாலும், அருகில் நிற்பவரை மறந்து வீசும் கைக்கு அது பொறுப்பைக் கற்பித்தது.

2014இல் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட டிவினிட்டி: ஒரிஜினல் சின், களத்தின் தரையையே ஆயுதமாக்கியது. மழை பெய்தால் நீர் தேங்கும். அதில் மின்னல் பாய்ந்தால் அங்கு நிற்பவர் செயலிழப்பர். தேங்கிய நீர் குளிரால் உறையும், தீயால் ஆவியாகும். ஆவியிலும் மின்னல் பாயும். எண்ணெய் பற்றி எரியும். நச்சுப் புகை தீப்பட்டால் வெடிக்கும். முறை வைத்து ஆடும் விளையாட்டு என்பதால், முதலில் செல்பவர் நீரை விரித்து, அடுத்தவர் மின்னலை அனுப்பலாம். ஆனால் இடையில் தம் தோழர் அந்த நீரில் கால் வைத்துவிட்டால் அவரும் வீழ்வார். 2017இல் வந்த இதன் இரண்டாம் பாகத்தில் மாயக் கவசம் என்னும் விதி சேர்ந்தது. எதிரியின் மாயக் கவசம் தீரும்வரை மின்னலால் அவரைச் செயலிழக்கச் செய்ய முடியாது.

இதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 இலும் இம்மரபு தொடர்ந்தது. முதல் நிலை மந்திரமான நீர் படைத்தலால் எதிரியை நனைத்துவிட்டால், அவர் மீது விழும் மின்னலும் குளிரும் பொதுவாக இரு மடங்கு சேதம் தரும். ஆனால் நனைந்தவரைத் தீ பாதி அளவே சுடும். தீ மந்திரமே வைத்திருக்கும் தோழர் ஒருவர் குழுவில் இருந்தால், நனைப்பது அவருடைய கையைக் கட்டிவிடுவதாகும்.

வரிசையின் கணக்கு

2020 செப்டம்பர் 28 அன்று சீனாவின் மிஹோயோ நிறுவனம் வெளியிட்ட கென்ஷின் இம்பாக்ட் இந்த அறிவைக் கைப்பேசிவரை கொண்டுசென்றது. இதில் தீ, நீர், காற்று, மின்னல், தாவரம், பனி, பாறை என 7 பூதங்கள் உண்டு. தாவரத்தின் வினைகள் 2022 ஆகஸ்டில் முழு வடிவம் பெற்றன. ஓர் ஆற்றல் பட்டவுடன் அது எதிரியின் மேல் சிறிது நேரம் படிந்திருக்கும். அதன்மேல் வேறோர் ஆற்றல் படும்போது வினை நிகழும்.

இங்கு வரிசை மாறினால் பயன் மாறும். தீ படிந்தவர் மீது நீர் பட்டால் சேதம் 2 மடங்கு. நீர் படிந்தவர் மீது தீ பட்டால் 1.5 மடங்கு. பனியில் இது மாறிவரும். பனி படிந்தவர் மீது தீ பட்டால் 2 மடங்கு, தீ படிந்தவர் மீது பனி பட்டால் 1.5 மடங்கு.

அப்படியானால் எப்போதும் 2 மடங்கு வரிசையே சிறந்ததா? அவ்வாறு இல்லை. 2 மடங்கு தரும் வினை, படிந்திருக்கும் ஆற்றலை விரைவில் தீர்த்துவிடும். 1.5 மடங்கு தரும் வினை அதை மெல்லவே குறைக்கும். எடுத்துக்காட்டாக, ஓர் அடியின் மதிப்பு 1000 என்றும், நீர் நன்கு படிந்துள்ளது என்றும் கொள்வோம். மூன்று தீ அடிகளும் வினைபுரிந்தால் 1500 வீதம் 4500 கிடைக்கும். தீ படிந்தவர் மீது மூன்று நீர் அடிகள் விழுந்து, முதல் அடியிலேயே தீ தீர்ந்துவிட்டால் 2000, 1000, 1000 என 4000 மட்டுமே. ஆகவே ஒரே ஒரு பேரடி கொடுப்பவருக்கு 2 மடங்கு வரிசையும், தொடர்ந்து சிற்றடிகள் கொடுப்பவருக்கு 1.5 மடங்கு வரிசையும் பொருந்தும்.

இவ்விளையாட்டில் கவலை தரும் ஒரு பக்கமும் உண்டு. புதிய வீரர்கள் குலுக்கல் முறையில் கிடைக்கிறார்கள். மிக உயர்ந்த வகை வீரர் ஒரு குலுக்கலில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. உண்மைப் பணத்தைக் கொடுத்தும் குலுக்கல் வாய்ப்புகளைப் பெறலாம் என்பதால், வலிமையை விலைக்கு வாங்கும் ஆசை மாணவர்களுக்கு எழுவது இயல்பு. ஆனால் தீயுடைய ஆம்பர், பனியுடைய கேயா, மின்னலுடைய லிசா, நீருடைய பார்பரா ஆகிய நால்வரும் கதையின் போக்கில் இலவசமாகவே கிடைக்கின்றனர். உருக்குதல், உறையவைத்தல், ஆவியாக்குதல், வெடிக்கச் செய்தல் ஆகிய வினைகள் அனைத்தையும் இந்த நால்வரைக் கொண்டே நிகழ்த்தலாம். கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை.

திறம்படச் சேர்க்கும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் பொதுவான நெறிகள் வருமாறு:

1. களத்திலும் எதிரியின் மேலும் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தால் நனைக்கும் மந்திரம் வீண்.
2. ஆயத்தம் செய்யும் ஆற்றலை மலிவாகவும், முடிக்கும் ஆற்றலை வலிமையாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.
3. ஒன்றையொன்று கெடுக்கும் ஆற்றல்களை அடுத்தடுத்து வீசலாகாது. தோழர் அடுத்து என்ன வீசப்போகிறார் என்பதை அறிந்தே தம் ஆற்றலைத் தேர வேண்டும்.
4. வீசும் முன் தம்மவர் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.
5. அடுத்த சுற்றுக்கு என்ன மீதமிருக்கும் என்பதை எண்ணிச் செலவிட வேண்டும்.

விளையாட்டும் அறிவியலும்

இவ்விதிகள் இயற்கையை ஓரளவே ஒத்தவை. நீரை ஆவியாக்கப் பெரும் வெப்பம் செலவாகும் என்பதால் நீர் தீயைத் தணிப்பது உண்மை. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதில் கரைந்துள்ள உப்புகளே கடத்தலுக்குக் காரணம். நாம் புழங்கும் நீரில் உப்புகள் இருப்பதால், ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது என்பது வீட்டிலும் விதியே. ஆனால் எரியும் எண்ணெய்மேல் நீரை ஊற்றினால் எண்ணெய் தெறித்துத் தீ பரவும். விளையாட்டில் மழை எல்லாத் தீயையும் அணைக்கலாம், அடுப்பங்கரையில் அது நடக்காது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மறவாதிருத்தல் நலம்.

தொகுப்புரை

1974இல் மேசைமேல் உருண்ட பகடையிலிருந்து இன்றைய கைப்பேசித் திரைவரை ஏறத்தாழ 50 ஆண்டுகளில், பூத ஆற்றல் பலவீனம் பார்த்து எறியும் ஆயுதமாக இருந்த நிலை மாறி, வரிசையும் இடமும் தோழமையும் அறிந்து கையாளும் கலையாக வளர்ந்துள்ளது. மேலே சொன்ன சிறிய மழையும் சிறிய மின்னலும் வெல்வதற்குக் காரணம் இதுவே. மழைக்காரர் தனியே எவரையும் வீழ்த்துவதில்லை. ஆனால் அவர் முதலில் செய்துவைத்த வேலை இல்லாவிட்டால், பின்னால் வரும் மின்னல் பாதி வலிமையோடுதான் விழும்.