மத்தும் விடியலும்

தயிர் கடையும் மத்து மிகப் பழைய கைக்கருவிகளுள் ஒன்றாகும். தூணோடு பிணைக்கப்பட்ட அதன் தண்டிற் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுப்பின், தண்டு வலமும் இடமுமாகச் சுழலும். அடிப்பகுதியின் வரிகள் தயிரை அலைக்க, கொழுப்புத் துளிகளைப் போர்த்த மென்படலம் சிதையும்; துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாய்த் திரண்டு மிதக்கும்.

நற்றிணையின் 12ஆம் பாடல், கயிறு உராய்ந்து தேய்ந்த மத்து விடியலில் ஒலிப்பதைக் கூறும். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளும் பறவைகள் துயிலெழும் வைகறையிலேயே கடைகின்றாள். இது வெறும் வழக்கமன்று. வெப்பம் மிகின் கொழுப்பு இளகும்; வெண்ணெய் நன்கு திரளாது. வெப்பமானி தோன்றுமுன்னரே ஆயர் மகளிர் கையறிவால் உற்ற பொழுதைத் தேர்ந்தனர் எனலாம். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏலாது, எருமையும் பசுவும் பெற்றாள் அவ்வாய்மகள். ஒரு குடியின் செல்வம் அவள் துயிலெழும் பொழுதைச் சார்ந்திருந்தது.