ஸ்படிகத் தகடுகளில் ஓர் அலை

பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலைச்சாரலில் லெ ஊஷ் என்னும் சிற்றூரில் 1953-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்த பௌதிகப் பள்ளியில் தாம் நிகழ்த்திய விரிவுரைகளை, ருடால்ஃப் பையர்ல்ஸ் நூலாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, அவரே எதிர்பாராத முடிவொன்று அவர் கணக்கில் தலைகாட்டிற்று. அணுக்கள் ஒரே வரிசையில் சம தூரத்தில் நிற்கும் உலோகம் ஒன்று இருக்குமாயின், தாழ்ந்த உஷ்ணநிலையில் அவ்வணுக்கள் தத்தம் இடம் விட்டுச் சற்றே நகர, எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் அருகியும் அலையாக அமைய, அதனால் வரும் சக்தி லாபம் அணுக்களை நகர்த்திய செலவை விஞ்சிவிடும் என்பதே அது. ஆனால் அத்தகைய ஒற்றை வரிசை உலோகம் உலகில் ஏது? தனிக் கட்டுரைக்குத் தகுதியற்றது என்றெண்ணி, 1955-இல் வெளிவந்த நூலில் சிறு குறிப்பாக அதைச் சேர்த்துவிட்டு அவர் அப்பால் சென்றார்.

சாஸ்திர சரித்திரம் எழுதுவோர் கணிதம் செய்தவரை முன்னிறுத்தி, ஸ்படிகம் வளர்த்தவரை ஓரத்தில் ஒதுக்குவது வழக்கம். இந்த விஷயத்தில் அது பெரும் அநியாயம்; அத்தகைய அலை பின்னர் தென்பட்டது அவர்கள் வளர்த்த தகடுகளிலே. டாண்டலம், நையோபியம் முதலிய உலோகங்களின் தூளைக் கந்தகத்துடனோ செலீனியத்துடனோ சிறிது அயோடின் சேர்த்துக் குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை நீக்கி முத்திரையிட்டு, ஒரு முனை மற்றதைவிட உஷ்ணமாயிருக்கும்படி உலையில் நாட்கணக்கில் வைத்திருந்தால், அயோடின் ஆவி உலோகத்தைச் சுமந்து சென்று மறுமுனையில் இறக்கிவைக்க, அபிரகம்போல் ஏடு ஏடாக உரியும் தகடுகள் அங்கே விளைகின்றன. இவ்வகைச் சேர்மங்கள் சுமார் 60 உண்டென்றும், அவற்றில் மூன்றில் இரு பங்கு அடுக்கமைப்பு உடையவையென்றும் கேம்பிரிட்ஜில் வில்சனும் யாஃபும் 1969-இல் விரிவாகத் தொகுத்துரைத்தனர்.

அதே வில்சன், பெல் ஆய்வுக்கூடத்தில் டி சால்வோ, மகாஜன் ஆகியோருடன் அத்தகடுகளின் ஊடே எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தியபோது, ஸ்படிகத்துக்கு உரிய புள்ளிகளுக்கிடையே, அங்கிருக்க நியாயமில்லாத மங்கிய புள்ளிகளும் பதிவாகியிருக்கக் கண்டு, அவை எலெக்ட்ரான்கள் நெருங்கியும் அருகியும் அமையும் மின்னூட்ட அடர்த்தி அலையின் சுவடே என்று 1974-இல் அறிவித்தார். டாண்டலம் ஸல்ஃபைடின் ஒரு வடிவத்தில் மூன்று அலைகள் ஒன்றையொன்று குறுக்கிட, 12 டாண்டலம் அணுக்கள் நடுவிலுள்ள ஒன்றை நோக்கி ஒடுங்கி நட்சத்திர உருக்கொள்கின்றன. டாண்டலம் செலினைடின் ஒரு வடிவத்திலோ அலை 122 கெல்வினில் தோன்றி, ஸ்படிகத்தின் அணு இடைவெளியோடு இசையாமல் சற்றே விலகி நின்று, 90 கெல்வினுக்கு அருகில் அதன் மும்மடங்கு நீளத்தில் பூட்டிக்கொள்கிறது.

ஆயினும், ஒற்றை வரிசைக்கென்று பையர்ல்ஸ் சொன்ன நியாயத்தைத் தகட்டுக்கும் அப்படியே கொண்டுவருதல் தகுமா என்பதில் பௌதிகர்கள் ஒருமனப்படவில்லை. இந்தச் சேர்மங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது, எலெக்ட்ரான்களுக்கும் ஸ்படிக அதிர்வுகளுக்கும் இடையிலுள்ள பிணைப்பிலேதான் காரணத்தைத் தேடவேண்டும் என்று ஜொஹானஸும் மாஸினும் 2008-இல் வாதிட்டனர்.