பச்சையப்பர் எழுதிவைத்த மரண சாசனம்

கிழக்கிந்தியக் கும்பினியார் வியாபாரம் செய்துகொண்டே மெல்ல மெல்ல ராஜ்யாதிகாரத்தையும் கைப்பற்றி வந்த பதினெட்டாம் நூற்றாண்டில், அவர்களுக்கும் இந்நாட்டு மக்களுக்கும் நடுவே நின்று பேச்சையும் கணக்கையும் கொடுக்கல் வாங்கலையும் நடத்திக்கொடுத்த துபாஷிகள், சென்னைப்பட்டினத்தில் பெருஞ் செல்வம் திரட்டினார்கள். அவர்களில் பலருடைய பெயர் இன்று ஒரு தெருவின் பெயர்ப்பலகையிலோ சத்திரத்துக் கல்வெட்டிலோ மாத்திரம் தங்கியிருக்க, காஞ்சீபுரம் பச்சையப்ப முதலியாருடைய பெயர் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக, தலைமுறை தலைமுறையாய் மாணாக்கர் நாவில் வழங்கி வருகிறது. ஆயினும் அவர் தம் வாழ்நாளில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தானும் ஸ்தாபித்தவர் அல்லர். அவருடைய சிந்தையெல்லாம் கோயிலிலும் பூஜையிலும் அன்னதானத்திலுமே தோய்ந்திருந்தது. அவர் விட்டுச் சென்ற தர்மம் கல்விச்சாலையாக உருவெடுத்த விருத்தாந்தம், அவருடைய ஜீவிய சரித்திரத்தைக் காட்டிலும் நீண்டது.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார் காஞ்சீபுரத்தவர்; மகன் முகத்தைக் காணுமுன்பே காலஞ்சென்று விட்டார். கையில் இரண்டு பெண்மக்கள், வயிற்றில் ஒரு சிசு, இவற்றோடு நிராதரவாய் நின்ற தாயார் பூச்சியம்மாள், தம் கணவருக்கு வேண்டியவரான ரெட்டிராயர் என்பவரை நாடிப் பெரியபாளையம் சென்றடைந்தார். அந்தப் புண்ணியவான் அவர்களைத் தம் குடும்பமாகவே பாவித்துப் போஷித்தார். பச்சையப்பர் பிறந்ததும் அங்கேதான். சில ஆண்டுகளில் ரெட்டிராயரும் இறந்துபோகவே, குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்த பூச்சியம்மாளுக்கு இரண்டாவது ஆதரவாக வாய்த்தவர் நாராயண பிள்ளை. பௌனி என்னும் ஆங்கிலேயரிடம் துபாஷியாயிருந்தமையால் பௌனி நாராயண பிள்ளை என்றே ஊரார் அவரை அழைத்தனர். பச்சையப்பரை இங்கிலீஷும் கணக்கும் பயிலச் செய்து, வியாபார நுணுக்கங்களைக் கற்பித்து, துரைமார்களிடம் அறிமுகமும் செய்துவைத்தவர் அவரே.

இந்த இரண்டு மனிதர்களை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சுய முயற்சியால் முன்னுக்கு வந்தவர் என்று பச்சையப்பரைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் கூறுகின்றனர்; அது உண்மையே. ஆனால் தகப்பனில்லாத ஒரு பிள்ளைக்குச் சோறிட்டவர் ஒருவரும் எழுத்தறிவித்தவர் ஒருவரும் இருந்திராவிட்டால், அந்த முயற்சிக்குக் கால் ஊன்ற நிலம் ஏது? பிற்காலத்தில் அவர் தானம் வழங்கியபோது கணக்குப் பார்க்கவில்லை என்பதை, இந்தப் பால்ய தசையை நினைவில் கொண்டு பார்த்தால்தான் சரிவர அறிந்துகொள்ள முடியும்.

வாலிபப் பருவம் எய்துமுன்பே அவர் தரகுத் தொழிலில் இறங்கினார். இருபது வயதைத் தாண்டியபோது கையில் நல்ல பொருள் சேர்ந்திருந்தது. பிறகு சல்லிவன் என்னும் ஆங்கிலத் துரைக்குத் துபாஷியாகித் தஞ்சாவூர் விவகாரங்களில் ஈடுபட்டார். அக்காலத்துத் தஞ்சையின் நிலை பரிதாபகரமானது. 1773இல் ஆர்க்காட்டு நவாபு அந்த ராஜ்யத்தைக் கைப்பற்றினார். 1776இல் கும்பினியார் அதைத் துளஜா மகாராஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தபோது, தங்கள் சேனையின் செலவுக்காக ஆண்டுதோறும் நான்கு லட்சம் வராகன் செலுத்த வேண்டுமென்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1781இல் ஹைதர் அலியின் படைகள் காவிரிக் கரையையே பாழாக்கிவிட்டுச் சென்றன. விளைச்சல் குன்றியபோதும் கிஸ்தி குறையவில்லை. தஞ்சை அரசாங்கம் தவணை தவறாமல் பணம் கட்டவேண்டுமானால், முன்பணம் கொடுக்கவும் ஜாமீன் நிற்கவும் பெருந் தனவந்தர்கள் தேவைப்பட்டனர். அப்படிக் கைகொடுத்தவர்களில் பச்சையப்பர் முக்கியமானவர். அவருடைய ஐசுவரியம் பன்மடங்கு பெருகியது இந்தக் காலத்தில்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்பது நியாயம். வட்டியும் தரகுமாக வந்த அந்த வராகன்கள், கடைசிக் கணக்கில், சோழநாட்டு உழவனின் நெற்களத்திலிருந்தே புறப்பட்டவை. பச்சையப்பரிடம் ஆழ்ந்த மரியாதை கொண்டிருக்கும் நான் இதைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். அந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர் அவரல்லர். ஆனால் அதனால் லாபமடைந்தவர்களில் அவரும் ஒருவர். தம்மைப் போலவே லாபமடைந்த மற்றவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்துவது, அந்தச் செல்வத்தைத் தமக்குரியதாக அவர் எண்ணாததே.

சென்னையில் அவர் கோமளீசுவரன்பேட்டையில் வசித்தார். கூவம் நதியில் ஸ்நானம் செய்துவிட்டுக் கோமளீசுவரரைத் தரிசிப்பது அவர் வழக்கம் என்று சொல்வார்கள். இன்று அந்த நதியைக் காண்பவர்கள் நம்பத் தயங்குவார்களாயினும், அக்காலத்தில் அது தெளிந்த நீராகவே ஓடியது. சிதம்பரத்தில் அவரும் அவர் குடும்பத்தாரும் செய்த திருப்பணிகள் பல. அங்கே கிழக்குக் கோபுரத்தில் அவருடைய உருவச்சிலையும் மனைவியாரின் சிலையும் இன்றும் உள்ளன.

நாற்பதாவது வயதில் நோய்வாய்ப்பட்ட பச்சையப்பர், 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் தேதி, கும்பகோணத்தில் தம் மரண சாசனத்தை எழுதிவைத்தார். ஒன்பது நாள் கழித்து, 31ஆம் தேதி, திருவையாற்றில் அவர் ஆவி பிரிந்தது. ஆண் சந்ததியில்லாத தனவந்தர் ஒருவர், வாய்மொழியாகச் சொல்லிப் போகாமல், உறவினர் நாணயத்தை மாத்திரம் நம்பாமல், தம் சொத்தைத் தர்மத்துக்கு உரியதென்று எழுத்து மூலம் விதித்தது அந்நாளில் இந்துக்களிடையே அபூர்வம். சிவாலயங்களிலும் விஷ்ணு ஆலயங்களிலும் நடக்கவேண்டிய கைங்கரியங்களையும் ஏழைகளுக்கான தர்மங்களையும் அதில் குறிப்பிட்டு, அவற்றை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை ஆளாக்கிய நாராயண பிள்ளையிடமே ஒப்படைத்தார்.

ஆனால் கண்ணை மூடியவர் சொத்துக்குக் காவல் ஏது? மனைவியர் இருவர், உறவினர் பலர், உரிமை பாராட்டியவர் அதனினும் பலர். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்று, ஆண்டுக் கணக்கில் நீடித்தது. வழக்குகள் இழுபட இழுபட, சாசனத்தில் கண்ட தர்மங்கள் நின்றுபோயின. மற்ற எத்தனையோ துபாஷிகளின் பொருளைப் போல இதுவும் நாலு கைகளில் சிதறிப்போயிருக்கும். சிதறாமல் தடுத்தது அந்த ஒரு சாசனமே. தர்மத்துக்கென்று எழுதப்பட்ட சொத்தை யார் விழுங்கினாலும், அரசாங்கத்தின் சார்பில் அட்வகேட் ஜெனரல் குறுக்கிட்டுக் கேட்கலாம் என்னும் சட்டமுறை அதற்குத் துணைநின்றது. அவ்வாறே அப்பதவியிலிருந்தவர்கள் கேட்டார்கள்; கோர்ட்டாரும் பணத்தை மீட்டுத் தங்கள் பரிபாலனத்தில் வைத்தார்கள். அது வட்டியோடு வட்டி சேர்ந்து பெருகியது.

ஆலய கைங்கரியங்களுக்கு ஒதுக்கியது போக மிகுந்து நின்ற தொகை பல லட்சம் ரூபாய். இந்த உபரியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன், அதை இந்துச் சிறுவர்களின் கல்விக்குச் செலவிடவேண்டுமென்று வாதாடினார். மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கிய பட்டணத்துப் பெரியோர்களுக்கும் அது உவப்பான யோசனையாயிற்று. தர்மகர்த்தர்களாக நியமிக்கப்பட்ட இந்நாட்டவர் நிர்வாகத்தில், 1842 ஜனவரி 1ஆம் தேதி, கருப்பர் பட்டணத்தில் பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. பச்சையப்பர் மறைந்து அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் கருதாத காரியம் இது என்று சிலர் சொல்லக்கூடும். நாராயண பிள்ளை வீட்டுத் திண்ணையில் இலவசமாக எழுத்துக் கற்ற தகப்பனில்லாச் சிறுவனின் பணம் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்ததென்றால், அதைவிடப் பொருத்தமான விநியோகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1846இல் அஸ்திவாரமிட்டு 1850இல் திறந்த பச்சையப்பன் மண்டபம், கிரேக்க நாட்டு ஆதென்ஸ் நகரத்துப் பழைய கோயில் ஒன்றை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்டது. அதைத் திறந்துவைத்தவர் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர். காஞ்சீபுரத்திலும் சிதம்பரத்திலும் கிளைப் பாடசாலைகள் தோன்றின. சென்னைப் பாடசாலை 1889இல் முதல்தரக் கல்லூரியாயிற்று. 1940இல் நகரத்தின் நெருக்கடியிலிருந்து விலகிச் சேத்துப்பட்டுக்குக் குடியேறியது. அபிதான சிந்தாமணி என்னும் பெருங் கோசத்தைத் தனி ஒருவராய்த் தொகுத்த சிங்காரவேலு முதலியார் பச்சையப்பர் பாடசாலையில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர். கணித மேதை ராமானுஜன் 1906இல் இக்கல்லூரியில் சேர்ந்து, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல், எஃப்.ஏ. பரீட்சையைத் தாண்டாமலே வெளியேறினார். காஞ்சீபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை இங்கே பயின்று பட்டம் பெற்று, பின்னாளில் இந்த ராஜ்யத்தின் முதன்மந்திரியானார்.

தர்ம ஏற்பாட்டின் நிபந்தனைப்படி, நெடுங்காலம் இந்து மாணாக்கர் மாத்திரமே இங்கே சேர்க்கப்பட்டு வந்தனர். பசித்தவன் எந்தக் குலத்தவன் என்று கேளாமல் பெரியபாளையத்தில் சோறு கிடைத்த ஒருவருடைய பெயரால் நடந்த கல்விச்சாலைக்கு அந்த வேலி பொருந்தவில்லை என்பதே என் அபிப்பிராயம். 1947இல் அது நீங்கி, எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கப்பட்டது.

(தொடரும்)