செவியால் மாற்றிய கியர்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் அமைந்துள்ளது. கோல லங்காட் மாவட்டத்தின் இச்சமவெளியில் ரப்பரையும் பின்னர் செம்பனைக் குலைகளையும் சுமந்த லோரிகளைப் பற்றிப் பேசுங்கால், தோட்டத்தையும் விளைச்சலையுமே நாம் பெரிதும் பேசுகிறோம். லோரி ஓட்டியவரின் செவித்திறன் அரிதாகவே ஏட்டில் ஏறியது.

அத்திறன் யாது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிமிடத்திற்கு 1,000 மீட்டர் கடக்கிறது. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் எனின், அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 555 முறை சுழலும். மூன்றாம் கியரில் சக்கரத்தைப் போல 5.6 மடங்கும் நான்காம் கியரில் 4 மடங்கும் எஞ்சின் சுழல்வதாகக் கொள்வோம். மூன்றில் சுமார் 3,100 சுற்றுகள். நான்கில் சுமார் 2,200. ஆக, கியரை மேலேற்றும் கணத்தில் எஞ்சின் 900 சுற்றுகளை இழக்க வேண்டும். கீழிறக்கினால் அதே 900-ஐப் பெற வேண்டும்.

பிரான்சின் பன்ஹார்ட் லெவாசோர் நிறுவனம் 1891-இல் கையாண்ட, பற்சக்கரங்கள் சறுக்கிச் சேரும் கியர்ப்பெட்டி, இந்த இணக்கம் முழுவதையும் ஓட்டுநரிடமே விட்டது. வேகம் ஒவ்வாவிடில் பற்கள் உராய்ந்து அலறும். மேலேற்றுகையில் எஞ்சின் தணியும்வரை சற்றுப் பொறுத்தால் போதும். கீழிறக்குவதே அரிது. கிளட்சை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளட்சை விட்டு, எண்ணெய் மிதியை அழுத்தி எஞ்சினை முடுக்கி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைச் சேர்க்க வேண்டும். சுற்றுமானி இல்லாத வண்டியில் எஞ்சினின் ஒலியே அளவுகோல். சமவெளியில் தவறினால் இரைச்சலும் தேய்மானமும் மட்டுமே. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் தவறினாலோ, வண்டி நடுநிலையில் சிக்கும். எஞ்சினின் தடையின்றிப் பாரமனைத்தும் பிரேக்கின்மீது விழும். சூடேறிய பிரேக் பிடி தளர்ந்தால் உயிருக்கே கேடு.

தமிழகத்தில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தைத் தாமே ஓட்டினார். வேகங்களைத் தானே இணக்கும் கியர்ப்பெட்டியைக் காடிலாக் நிறுவனம் அறிமுகப்படுத்த இன்னும் எட்டாண்டுகள் இருந்தன. 1928-இல் வந்த அவ்வமைப்பில், பற்கள் சேருமுன் சிறு கூம்புகள் ஒன்றோடொன்று உரசி இரு வேகங்களையும் சமமாக்கின. 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமாகி ஷா ஆலமில் உருவான புரோட்டோன் சாகாவை ஓட்டியவருக்கு இரட்டைக் கிளட்ச் தேவைப்படவில்லை. லோரி ஓட்டிப் பழகிய சிலரின் கால் மட்டும் அப்பழக்கத்தை விட்டிராது!

கியரைப் 'பல்லிணை' என்கிறோம். நல்ல சொல்தான். எனினும் அது பல்லோடு பல் இணைவதைச் சொல்கிறதேயன்றி, அதற்குமுன் வேகத்தோடு வேகம் இணைய வேண்டியதைச் சொல்லவில்லை. ஓட்டுநரின் அறிவு இருந்ததோ அந்த இடைவெளியில்தான்.

இன்று மலேசியாவில் தானியங்கி வண்டிக்கென 'டிஏ' உரிமம் உண்டு. அதனைப் பெற்றவர் கைக்கியர் வண்டியை ஓட்டலாகாது. ஆயினும் படிக்கட்டுக் கியர்கள் கொண்ட தானியங்கி மகிழுந்தில், கியர் மேலேறும் ஒவ்வொரு முறையும் சுற்றுமானியின் முள் சட்டென இறங்குவதை மாணவர் காணலாம். மேற்கண்ட 900 சுற்றுக் கணக்கை அங்கேயே சரிபார்க்கலாம்.